ஊதாங்குழலும் பாம்பு மாத்திரையும்

பாம்பு மாத்திரைக்குச் சத்தமே கிடையாது. எரிகிற கம்பி மத்தாப்பின் நுனியை அதன்மேல் வைத்தால் 'புஸ்' என்று மஞ்சள் கலந்த புகை எழும். சட்டைப் பொத்தான் அளவே இருந்த கறுப்பு வில்லையிலிருந்து சாம்பல் நெளிந்து நெளிந்து ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வரும். தொட்டால் உதிர்ந்துவிடும். வாசல் சிமெண்டுத் தரையில் பட்ட கறுப்பு வட்டம் மட்டும் எத்தனை கழுவினாலும் போகாது.

காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடையே இருக்கிற வெள்ளகோவில் வட்டாரத்தில், தீபாவளிக் காலையில் எந்தத் தோட்டத்துச் சாளைக்குப் போனாலும் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெரிய பையன்கள் சரவெடியையும் அணுகுண்டையும் தூக்கிக்கொண்டு தடத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, இளைப்பு. வெடி ஆகாது. "சின்னப் புள்ளைக எல்லாம் அமுச்சிகிட்டயே இருந்து பாம்பு மாத்திரை வெச்சு வெளையாடுங்க கண்ணு, அதுல ஒண்ணும் பயமில்ல" என்று பெரியவர்களே சொல்லி, குழந்தைகளைத் திண்ணைப் படியில் உட்கார வைப்பார்கள். திண்ணை மேல் நாற்காலியில் அமுச்சி. நடுவில் மூன்றடி தூரம்.

அவர்மேல் உள்ள பிரியத்தால் செய்கிற ஏற்பாடுதான். ஆனால் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் ஆறு வகைப் பட்டாசுகளைக் கொளுத்தி, அவற்றிலிருந்து கிளம்பும் நுண்துகளை அளந்து 2016-இல் கணக்கு வெளியிட்டார்கள். பிஎம் 2.5 என்று சொல்லப்படுகிற, மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை போய்ச் சேரக்கூடிய துகள் அது. ஒரு கன மீட்டர் காற்றில் புஸ்வாணம் எழுப்பிய உச்ச அளவு 4,860 மைக்ரோகிராம். சங்குசக்கரம் 9,490. யாருமே ஆபத்தாக நினைக்காத கம்பி மத்தாப்பு 10,390. ஆயிரம் வெடி கோத்த சரம் 38,540. பட்டியலில் முதலிடம் பாம்பு மாத்திரைக்கு. அது 64,500. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 15, இந்திய அரசின் வரம்பு 60. பட்டாசுக் கணக்கு சில நிமிடங்களுக்கானது, வரம்புகள் இருபத்துநான்கு மணி நேரத்துக்கானவை. அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வகுத்துப் பார்ப்பது சரியல்ல. ஆனால் ஏற்கெனவே குறுகிப்போன மூச்சுக்குழாய் நாள் சராசரி வரும்வரை காத்திருப்பதில்லை. அதற்கு அந்தச் சில நிமிடமே போதும்.

கொங்கு நாட்டில் பண்டிகைக்குப் பேர் நோம்பி. தீவாளி நோம்பி, பொங்கல் நோம்பி, பதினெட்டு நோம்பி, மாரியாத்தா நோம்பி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் நோம்பியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் அவர்களுக்குக் கெடுதல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வீட்டார் பெரும்பாலும் தவறாகவே கணிக்கிறார்கள். காது பயப்படுவது ஒன்றுக்கு, நுரையீரல் திணறுவது வேறொன்றால். இந்த அத்தியாயம் அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

*

அமுச்சியின் நெஞ்சுக்குள் என்னதான் நடக்கிறது? நுரையீரலில் காற்று போகும் குழாய் மரக்கிளைபோல் இருபதுக்கும் மேற்பட்ட தடவை பிரிந்து பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகளில் முடிகிறது. ஆரோக்கியமான நுரையீரல் ரப்பர் போன்றது. மூச்சை இழுக்கத்தான் தசை வேலை செய்ய வேண்டும், விடும்போது அது தானாகவே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும். பல வருஷம் புகையும் தூசியும் பட்ட நுரையீரலில் இரண்டு விதமான சேதம் நடக்கிறது. குழாய்கள் உள்ளுக்குள் வீங்கிச் சளி கட்டிக் குறுகுகின்றன. காற்றுப்பைகளின் சுவர்கள் கரைந்து, ரப்பருக்கு இருந்த இழுவிசை போய்விடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். ஊரில் வீசிங், இளைப்பு, நெஞ்சுச்சளி என்று பல பெயர்.

இந்த நோயில் பெரிய கஷ்டம் மூச்சை இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. தேரன்று கோயிலுக்குள் போனவர்கள் வெளியே வருவதற்கு முன்பே அடுத்த வரிசையை உள்ளே விட்டால் என்ன ஆகும்? அதுதான் நுரையீரலுக்குள்ளும் ஆகிறது. பழைய காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. வேகமாக நடந்தாலும், அவசரப்பட்டாலும், விடாமல் பேசினாலும் உள்ளே காற்று தேங்கிக்கொண்டே போகும். நெஞ்சு உப்பி நிற்கும், ஆனால் புதுக் காற்றுக்கு இடமிருக்காது.

இதற்கு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி எளிமையானது. மூக்கு வழியாக இரண்டு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெதுவாக ஊத வேண்டும். குவிந்த உதடு வெளியேறும் காற்றுக்குச் சிறிய தடை போடுகிறது. அதனால் குழாய்க்குள் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. சட்டென்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் குழாய்கள் கூடுதலாக ஒரு கணம் திறந்தே இருக்கின்றன, தேங்கிய காற்று வெளியே வருகிறது. இதை ஒரு கிராமத்துப் பாட்டிக்கு விளக்கப் படம் எதுவும் தேவையில்லை. ஊதாங்குழலை உதட்டில் வைக்கிற மாதிரி வைத்து, தணல் பறக்காமல் மெதுவாக ஊதச் சொன்னால் போதும். நாற்பது வருஷமாகத் தெரிந்த வித்தைதான். அந்த நாற்பது வருஷ அடுப்புதான் நுரையீரலை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது என்பதையும் அதே ஊதாங்குழல் ஞாபகப்படுத்தும்.

பீடி சிகரெட் பிடிக்காதவருக்கு எப்படி இந்த நோய் வரும் என்று உறவினர்கள் இன்னமும் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுக்கான நோய்ச்சுமைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிஓபிடி உள்ளவர்கள் ஏறத்தாழ 5 கோடியே 53 லட்சம் பேர். அந்த நோயால் நாடு இழக்கும் ஆரோக்கிய ஆண்டுகளில் 53.7 சதவீதத்துக்குக் காற்று மாசு காரணம், 25.4 சதவீதத்துக்குப் புகையிலை, 16.5 சதவீதத்துக்கு வேலையிடத் தூசி முதலானவை. புகைபிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. அந்த மாசில் வீட்டு அடுப்பின் பங்கு பெரிது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், விறகும் சாணி வறட்டியும் எரிகிற வீடுகளில் சமையல் நேரத்துத் துகள் அளவு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் புகைபிடிக்காத 900 கிராமத்துப் பெண்களைச் சோதித்து 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 2.44 சதவீதம் பேருக்கு சிஓபிடி தெரியவந்தது.

இப்போது கேஸ் அடுப்பு வராத வீடு குறைவு. ஆனாலும் நோம்பி வந்தால் பழைய அடுப்பு திரும்ப எரியத்தான் செய்கிறது. கச்சாயத்துக்கும் முறுக்குக்கும் பெரிய வட்டலை வைக்க கேஸ் அடுப்பு போதாது. புழக்கடையில் மூன்று கல்லைக் கூட்டி, தென்னை மட்டையையும் தேங்காய்த் தொட்டியையும் கருவேல விறகையும் சொருகுவார்கள். விடிகாலை எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் அண்டாவும் அதில்தான் ஏறும். பாகுப் பதம் அமுச்சிக்குத்தான் தெரியும் என்பதால் அடுப்புக்கு எதிரில் முக்காலியும் அவருக்குத்தான். பட்டாசு எல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் கூத்து. பலகாரப் புகை மூன்று நாளைக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பதம் பார்க்க அவர் அடுப்பருகே இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டி, ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்திருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டினால், விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். நடந்து வருகிற வேலை மருமகளுக்கோ பேத்திக்கோ இருக்கட்டும்.

*

கொங்கு நாட்டில் இன்னொரு தூசியும் உண்டு. கோயம்புத்தூரில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது முதல் பஞ்சுதான் இந்த மண்ணின் பிழைப்பு. வெள்ளகோவிலைச் சுற்றியும் நூற்பாலையும் விசைத்தறியும் ஏராளம். பஞ்சுத் தூசியால் வருகிற நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அதற்கும் விடுமுறைக்கும் விசித்திரமான ஓர் உறவு இருக்கிறது.

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700-இல் எழுதிய நூலிலேயே சணல் சிக்கெடுப்பவர்களின் இருமல் வந்துவிடுகிறது. 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் வரிசையாகத் தொழிலாளிகளை விசாரித்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. நெஞ்சு இறுக்கம் திங்கட்கிழமை வருகிறது, செவ்வாய் புதன் என்று போகப்போகக் குறைகிறது. விடுமுறையில் ஓய்ந்த உடம்பு, பஞ்சின் காய்ந்த இலைத்துணுக்குகளில் இருக்கும் பாக்டீரியா நச்சை மறுபடி சந்திக்கும் முதல் நாளில்தான் அதிகம் சீறுகிறது. ஆரம்பத்தில் வாரத்தின் முதல் நாள் மட்டும் இறுகும். வருஷங்கள் போனால் எல்லா நாளும் இறுகும், பிறகு சிஓபிடியிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது.

வாரம் ஏழு நாளும் ஓடும் மில்களில் திங்கட்கிழமைக்கு அர்த்தமில்லை. அங்கே திங்கட்கிழமையின் வேலையைத் தீபாவளியும் பொங்கலும் செய்கின்றன. நான்கைந்து நாள் லீவு முடிந்து மில்லுக்குள் போன முதல் ஷிப்டில் நெஞ்சு பிடித்தால், "நோம்பில எண்ணெப் பலகாரம் ஜாஸ்தி தின்னுட்டேன், சளி புடிச்சுக்கிச்சு" என்று சொல்லிக்கொள்வது சுலபம். அந்த இறுக்கம் எந்த நாளில் வந்தது, எத்தனை நாளில் போனது என்பதைக் காலண்டரில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால் அதுவே பாதிப் பரிசோதனை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாக பிசினோசிஸைச் சேர்த்தது. நோம்பிக்கு வீடு வருகிற மகனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இன்று நாற்காலியில் அமுச்சி இருக்கிற இடத்தில் இருபது வருஷம் கழித்து அவன் உட்காரக் கூடாது.

*

காற்றைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற தென்மேற்குக் காற்று ஆடி மாதத்தில் பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றவைத்து, தென்னையை வளைத்து, கூரை ஓட்டையும் நகர்த்திவிடும். அந்தக் காற்றில் புகை நிற்காது. பதினெட்டு நோம்பிக்கு என்ன கொளுத்தினாலும் பத்து நிமிஷத்தில் ஊர் தாண்டிவிடும். அந்த மாதத்தில் இளைப்புக்காரரைப் படுத்துவது காட்டுப் புழுதிதான்.

ஐப்பசியில் அந்தக் காற்று ஓய்ந்துவிடுகிறது. மழை இல்லாத இரவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இளஞ்சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். கீழே எழுப்பிய புகை அந்த மூடியைத் தாண்டாது. இந்த அடைப்பு விடிகிற நேரத்தில் மிக இறுக்கமாக இருக்கும், வெயில் ஏறி ஒன்பது பத்து மணி ஆனால் கலைய ஆரம்பிக்கும். பொழுது சாய்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. விடியலில் தீபாவளி கொண்டாடுவது தமிழர் வழக்கம் என்று தமிழக அரசு கேட்டதால், நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அன்று முதல் இங்கே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. வழக்கத்துக்குப் பொருந்திய நேரம்தான். ஆனால் இரண்டுமே காற்று நகராமல் கிடக்கும் நேரம். நீரி என்ற அரசு ஆய்வு நிறுவனம் வடிவமைத்த பசுமைப் பட்டாசும் துகளைச் சுமார் 30 சதவீதம்தான் குறைக்கிறது, மிச்சம் 70 இருக்கிறது. ஆகவே இளைப்புக்காரர் உள்ள வீட்டில் கடிகாரத்தைச் சற்றுத் திருப்பி வைப்பது நல்லது. விடிகாலையில் ஜன்னலைச் சாத்தி அவரை உள்ளறையில் தூங்கவிடலாம். வெந்நீர் பத்து மணிக்கு வைத்தால் என்ன? புதுத்துணியும் காலில் விழுந்து வாங்குகிற திருநீறும் பத்தரை மணிக்கும் அதே பலன் தரும். ஜன்னலை மத்தியானம் திறந்து வைத்து, ஐந்து மணிக்குள் மறுபடி சாத்திவிட வேண்டும்.

சாத்திய அறைக்குள் சாம்பிராணித் தட்டும் கொசுவர்த்திச் சுருளும் இருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் வீண். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்த அளவு நுண்துகள் வெளிவருகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கொசுவலை கட்டுங்கள். மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே பலமாக இருக்கிறது. துண்டின் கண்கள் இந்தத் துகளுக்கு அகலத் திறந்த கதவு. என்95 முகக்கவசம் துகளை நிறுத்தும்தான், ஆனால் நோய் முற்றியவருக்கு அதன் வழியே மூச்சு இழுப்பதே பாரம். புகையிலிருந்து ஆளை விலக்குவதற்கு ஈடாக எந்தத் துணியும் இல்லை.

அப்படியானால் ஊரே பட்டாசை நிறுத்த வேண்டுமா என்று கேட்பார்கள். ஈரோடு பக்கம் வடமுகம் வெள்ளோட்டில் 1996-இல் பறவைகள் சரணாலயம் வந்தது. தீபாவளி வருகிற மாதத்தில்தான் வலசைப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. அதனால் செல்லப்பம்பாளையம், செம்மாண்டம்பாளையம், புங்கம்பாடி உள்ளிட்ட சுற்றுவட்டார ஊர்கள் இருபது வருஷத்துக்கும் மேலாக வெடி வெடிப்பதில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, பிள்ளைகளுக்கு மத்தாப்பு உண்டு. யாரும் சட்டம் போடவில்லை, ஊரே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம். எங்கிருந்தோ வந்த கொக்குக்கும் நாரைக்கும் ஓர் ஊரே சத்தத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறதென்றால், ஒரு வீதியில் இருக்கிற நாலு இளைப்புக்காரர்களுக்காகப் புகையை நூறடி தள்ளி வைக்க முடியாதா? கணக்கு மட்டும் வேறு. பறவைக்கு ஆகாதது சத்தம், நுரையீரலுக்கு ஆகாதது புகை. வெள்ளோட்டில் அனுமதிக்கிற மத்தாப்பைத்தான் இங்கே முதலில் தள்ளி வைக்க வேண்டும்.

*

பொங்கலுக்கு வருவோம். சென்னையில் போகிப் புகை 2018 ஜனவரி 13 அன்று விமானங்களையே இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. கொங்கு நாட்டில் அந்த நாளுக்குக் காப்புக்கட்டு என்று பெயர். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலிலும் பட்டியிலும் காட்டிலும் சொருகுவார்கள். எரிப்பது இல்லை, கட்டுவதுதான். நுரையீரலுக்கு இதைவிட இதமான சடங்கு எதுவும் இருக்க முடியாது. நகரத்தைப் பார்த்துப் பழைய பாயையும் டயரையும் கொளுத்தும் பழக்கம் இந்த ஊர்களுக்கு எதற்கு?

இங்கே ஆபத்து காப்புக்கட்டுக்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது. அட்டாலியில் இருப்பதையெல்லாம் இறக்குவது, ஒட்டடை அடிப்பது, சுண்ணாம்பு அடிப்பது, தீவனத் தட்டைப் பிரித்துப் போடுவது. ஈரத்தோடு கட்டி வைத்த சோளத்தட்டிலும் வைக்கோலிலும் பூஞ்சை பிடித்திருக்கும். உதறினால் வெள்ளையாய்ப் பறக்கிற அந்தத் தூசி, ஆரோக்கியமான விவசாயிக்கே 'உழவர் நுரையீரல்' என்ற தனி நோயைக் கொடுக்கக்கூடியது. அதைவிட மோசம், குளியலறையைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகக் கொட்டுவது. வெளிவருவது குளோரின் வாயு. இந்த வாரத்தில் இளைப்புக்காரரை மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இரண்டு நாள் விட்டுவிட்டு, வேலை முடிந்து தூசி அடங்கியபின் கூட்டி வருவது உத்தமம். பட்டிப் பொங்கலன்று கன்றுக்குட்டி பட்டியில் கட்டிய சிறு தெப்பக்குளத்தைத் தாண்டுகிற நேரம் அவர் அங்கே இருந்தாக வேண்டும். தட்டைப் பிரிக்கிற நேரத்தில் அவருக்கு அங்கே வேலை இல்லை.

விருந்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. காற்று தேங்கி உப்பிய நுரையீரல் உதரவிதானத்தை ஏற்கெனவே கீழே அழுத்தித் தட்டையாக்கி வைத்திருக்கிறது. கறிக்குழம்பும் சந்தகையும் ஒப்புட்டுமாக வயிறு முட்டினால், வயிறு கீழிருந்து மேலே தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட அந்தத் தசைக்கு அசையவே இடமிருக்காது. சாப்பிட்டு எழுந்ததும் மேல்மூச்சு வாங்குவது இதனால்தான். "நோம்பி அன்னைக்கு இத்தன சோறா? இன்னங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று உபசரிக்காதவர் கொங்கு நாட்டில் இல்லை. இளைப்புக்காரருக்கு அதே சாப்பாட்டை ஐந்து தடவையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் நல்ல உபசரிப்பு. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் சர்க்கரை அளவும் ஏறும், இனிப்பில் கவனம் வேண்டும்.

எண்ணெய்க் குளியலில் எச்சரிக்கை ஒன்று. சளி கரையும் என்று மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெய் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தலைக்கு வைக்கிற எண்ணெய் தலையோடு நிற்கட்டும்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்ற ஆசையைத் தடுப்பது சரியென்று எந்த நல்ல நுரையீரல் மருத்துவரும் சொல்ல மாட்டார். நடக்காமல் முடங்கினால் கால் தசை கரைந்து மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும். நடக்க வேண்டும், படிதான் பிரச்சினை. சென்னிமலைக்கு 1,320 படி, ஆனால் மேலே போகத் தார்ச்சாலை இருக்கிறது. சிவன்மலையிலும் வண்டி மேலே போகும். பழனியில் வின்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன. வெள்ளகோவில் வீரக்குமாரசுவாமி கோயில் தேர், மகா சிவராத்திரியை ஒட்டி வருகிறது. வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் போகாமல், தேர் திரும்பும் முனையில், காற்று வருகிற திசையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அவருக்கு நாற்காலி போட்டு வைத்தால் தேரும் கிடைக்கும், மூச்சும் கிடைக்கும்.

கிளம்பும் முன் பையைப் பார்க்க வேண்டும். உறவுக்காரர் வீட்டு நோம்பிக்குச் சேலை, சீர்த்தட்டு, பழம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு இன்ஹேலரை ஜன்னல் திட்டில் மறந்துவிட்டுப் போகிறவர்கள் அநேகம். அவசரத்துக்கு அடிக்கிற சால்பூட்டமால் பஃப் மடியிலேயே இருக்க வேண்டும், ஸ்பேசரோடு. தினசரி மருந்து லீவு நாளிலும் தினசரிதான். தீபாவளிக்குக் கிளினிக்குகள் சாத்தியிருக்கும், மருந்துக்கடையும் பாதி திறந்திருக்காது. ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். ஃப்ளூ தடுப்பூசியைக் கூட்டமும் மழையும் சேர்ந்து வருகிற காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது, நிமோனியா தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது இரண்டும் ஆடி ஆவணியிலேயே முடிக்கிற வேலை.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் மறுநாள் நோம்பி என்று பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால், உதடு நீலம் பாரித்தால், வழக்கமில்லாத தூக்கமும் உளறலும் வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். வந்த விருந்தாளிகள் முன்னால் ஆம்புலன்ஸா என்று தயங்கிய அரை மணி நேரம் பலருக்குத் திரும்பக் கிடைத்ததில்லை.

*

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கார்த்திகை தீபம்தான் மிகவும் யோசிக்க வேண்டிய நோம்பி. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிறதை வெறியோடு எரிய வைக்கும். சேலை முந்தானை, தலையில் வைத்த எண்ணெய், நாற்காலி மெத்தை எல்லாமே அந்தக் காற்றில் ஊறியிருக்கும். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பத்தடிக்குள் இருக்கக் கூடாது. சொக்கப்பனை கொளுத்துகிற இடத்துக்கு மெஷினோடு போவது கூடவே கூடாது. மேல்மூச்சு வாங்குகிறதே என்று பயந்து பேரப்பிள்ளைகள் மெஷினின் குமிழைக் கூட்டிவிடுவதும் நடக்கிறது. சிஓபிடி முற்றியவர்களில் பலருக்கு மருத்துவர்கள் குறிவைக்கிற ரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம். விரலில் மாட்டும் கருவி 99 காட்டினால் நல்லது என்று நினைப்பது பிசகு. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, ஆள் மயக்கத்தில் ஆழ்ந்துவிடலாம். மருத்துவர் எழுதிய எண்ணைச் செலோ டேப் போட்டு மெஷின்மேலேயே ஒட்டி வைக்கிற வீடுகள் இருக்கின்றன, நல்ல பழக்கம். மழைக்காலத்தில் கரண்ட் போகும், இன்வெர்ட்டரோ சிறு சிலிண்டரோ கைவசம் வேண்டும்.

இப்படி யோசித்துச் செய்த ஒரு வீட்டில் கார்த்திகை அன்று பொழுது சாய்கிறது. ஆசாரத்துக் கதவுக்குள் மெஷின் உறுமிக்கொண்டிருக்கிறது. கதவு நிலைக்கு உள்பக்கம் அமுச்சியின் நாற்காலி, மூக்கில் குழாய். வாசல் கடைசியில், சுண்ணாம்பால் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், மண்விளக்குகள் வரிசையாக எரிகின்றன. பேத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறாள். அமுச்சி மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதி முடித்துவிட்டுச் சொல்கிறார்: "கண்ணு, அந்த மூணாவது வெளக்கு மங்குது பாரு. திரியத் தூண்டி உட்டு எண்ணெ ஊத்து."

"ஊத்தறனுங்க அமுச்சி."

இன்னொரு மூச்சுக்குப் பிறகு: "அஞ்சாவதுலயும்."